வலியின் மூவிடம்

கெளுத்தி முள் ஏறினால் நைனா முதலில் கெட்ட வார்த்தை ஒன்று சொல்வார், பிறகுதான் கையைப் பார்ப்பார். வலையிலிருந்து உருவும்போது அந்த வழுவழுப்பு கைக்குள் திரும்பி, மீனின் பக்கவாட்டு முள் உள்ளங்கையில் இறங்கிவிடும். அம்மா அடுப்பில் காய்ந்த தண்ணீரைத் தோல் பொறுக்கும் சூட்டுக்கு விளாவி வாளியில் ஊற்றுவாள். கையை அதில் விட்டால் சற்று நேரத்தில் வலி மட்டுப்படும். முள்ளில் இருப்பது புரத நஞ்சு, சூடு பட்டால் அது கெட்டுப்போகும் என்று நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா படிக்காமலே செய்தாள். அப்புறம் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து ஒரு பற்று. மறுநாள் கை பன் ரொட்டி மாதிரி உப்பிச் சிவந்து கிடக்கும், தொட்டால் கொதிக்கும். மூன்றாம் நாள் வடியும். நான்காம் நாள் நைனா ஏரியில் இருப்பார்.

எளாவூரிலிருந்து கிழக்கே சுண்ணாம்புக்குளம் போகும் சாலையை விட்டு இறங்கினால் எங்கள் குப்பம். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரை. அங்கே இறால் பிடிக்கும் இடத்தைத் தலைக்கட்டுக் கணக்கில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். தலைக்கட்டு என்றால் ஆண். எனக்குப் பாடு கிடையாது என்பதால்தானோ என்னவோ நைனா என்னைப் படிக்க வைத்தார். அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றேன். நாற்பத்தெட்டாவது வயதில், முள் எதுவும் குத்தாமலே என் கை உப்பியது.

இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரல் கணுக்களில். நான்காம் நாள் வடியவில்லை. நான்காம் மாதமும் வடியவில்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. சாக்பீஸ் பிடிக்க முடியாமல் பிள்ளைகளை விட்டுக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். மின்சார ரயிலேறிச் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனதில், முடக்குவாதம் என்றார்கள். ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிற நோய். அம்மா கேட்டது ஒன்றுதான்: "யாருக்கு என்ன பாவம் பண்ணமோ?"

நோயைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பாடம் நடத்தியிருப்பேன். பாவத்தைப் பற்றி எனக்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடு பதின்மூன்று வருஷமாக இருந்து வருகிறேன்.

பாடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நைனாவின் கையில் நடந்ததற்குத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. ஆங்கிலச் சொல்லிலும் நெருப்புதான் இருக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று இதன் நான்கு அடையாளங்களை முதலாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். நெருப்பை எது மூட்டுகிறது என்பது தெரிய இன்னும் பத்தொன்பது நூற்றாண்டு பிடித்தது.

நெருப்புப் பெட்டி செல்லின் சவ்வுக்குள்ளேயே இருக்கிறது. சவ்வு கொழுப்பால் ஆனது. செல் அடிபட்டால் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்கிற நொதி அந்தக் கொழுப்பிலிருந்து அரக்கிடோனிக் அமிலம் என்ற துண்டை வெட்டியெடுக்கும். சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற இன்னொரு நொதி அதை வாங்கி மாற்றும். கடைசியில் கிடைப்பது புரோஸ்டாகிளாண்டின். ரத்தக்குழாய் விரிவதும் வலி நரம்பு கூர்மையாவதும் அதன் வேலை. தலைவலிக்கு நாம் முழுங்குகிற ஆஸ்பிரின் இந்த இரண்டாவது நொதியின் வாயைத்தான் அடைக்கிறது என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982-ல் அவருக்கும் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் இருவருக்கும் நோபல் பரிசு.

இதெல்லாம் உடனடி வேலை. நாள்பட்ட நெருப்புக்குச் செல்லின் கருவுக்குள் தகவல் போயாக வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவை கைனேஸ்கள். மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் தொழில் ஒன்றே: ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவது. ஒட்டினால் அந்தப் புரதம் விழிக்கும், அல்லது தூங்கும். 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். சாதாரண நாளில் அது பூட்டப்பட்டுக் கிடக்கும். ஆபத்து வந்தால் ஒரு கைனேஸ் போய் அந்தப் பூட்டின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டின பூட்டைச் செல்லே அரைத்துத் தள்ளிவிடும். விடுபட்ட புரதம் கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை எழுப்பும். நான் வகுப்பில் கொஞ்சம் நிறுத்திச் சொன்ன இடம் அடுத்தது. அது எழுப்புகிற மரபணுக்களில் ஒன்று, அதையே பூட்டுகிற பூட்டைச் செய்கிற மரபணு. வெளியே வந்தவன் தன்னை மறுபடி அடைக்கிற பூட்டுக்கும் சேர்த்தே ஆர்டர் கொடுக்கிறான். நைனாவின் கை மூன்றாம் நாள் வடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். என் கையில் பூட்டு விழுவதற்குள் அடுத்த கட்டளை வந்துவிடுகிறது.

"யார் டீச்சர் அனுப்புறது?" என்று ஒரு பையன் கேட்டான். பதினோராம் வகுப்பு, கடைசி பெஞ்சு, ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறவன். செல் சமிக்ஞை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, தபால்காரர், கடிதம், கதவு என்றெல்லாம் உவமை சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதம் என்றால் எழுதினவர் ஒருவர் இருக்க வேண்டுமே. பக்கத்துச் செல் என்றேன். "அதுக்கு யாரு?" அதற்கும் பக்கத்துச் செல். "மொதல்ல யாரு?" பெல் அடித்துவிட்டது. எனக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது.

இந்தச் சொற்கள்தான் நம்மைப் படுத்துகின்றன. சமிக்ஞை என்றால் காட்டுகிறவன் வேண்டும். கட்டளை என்றால் இடுகிறவன். வினை என்கிற சொல்லோ இன்னும் மோசம். ரசாயனத்தில் அது வினை, இலக்கணத்தில் வினை, அம்மாவின் வாயில் போன பிறவிக் கணக்கும் வினை. நொதியைப் பாடப்புத்தகம் வினையூக்கி என்கிறது. வினையை ஊக்குவிப்பது. சைவ சித்தாந்தப் பெரியவர் யாராவது முதல்முறை இந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் துணுக்குற்றிருப்பார். அவர்கள் கணக்குப்படி வினை சடம், அறிவில்லாதது. செய்தவனைத் தேடி அது தானாக வந்து ஒட்டாது, கொண்டுவந்து கூட்டுவதற்கு இறைவன் வேண்டும். இறைவன் இருப்பதற்கே அதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். நான் படித்த நொதியும் சடம்தான். ஆனால் ஆள் தேடுகிறது! நூற்றுக்கணக்கான கைனேஸ்கள் ஒரே செல்லுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, தத்தமக்கு உரிய புரதத்தை உருவம் பொருந்துவதைக்கொண்டே பிடித்துக்கொள்கின்றன. இருட்டில் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்கிற மாதிரி. கூட்டிவைக்க அங்கே யாரும் நிற்கவில்லை. மோதலும் பொருத்தமும்தான்.

இதை எழுதுகிற நான் காலையில் திருநீறு பூசாமல் வெளியே இறங்குகிறவள் அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நெருப்பு பற்றி இன்னும் இரண்டு விஷயம். முடக்குவாதக்காரர்களின் மூட்டில் சேருகிற நீரை ஊசியால் எடுப்பார்கள். 1980களின் கடைசியில் அந்த நீரிலிருந்து ஒரு பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியைப் பிரித்தெடுத்தார்கள். அது எந்தக் குடும்பம் என்று பார்த்தால், விரியன் பாம்புகளின் நஞ்சில் இருக்கிற நொதியின் குடும்பம். இரண்டும் பங்காளிகள். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் 1978 முதல் பாம்பைப் பிடித்துப் பானையில் வைத்து நஞ்செடுக்கிறார்களே, அந்தக் கண்ணாடி விரியன் நஞ்சுக்குச் சொந்தக்காரன் என் முழங்காலுக்குள் இருக்கிறான். நஞ்சு எங்கிருந்தோ வந்து சேர்வதில்லை, எல்லாருக்கும் உள்ளேயே கொஞ்சம் உண்டு என்பதைக் கேட்டபோது எனக்கு நீலகண்டன் நினைவு வந்தான். கெட்டிக்காரத்தனமான உவமை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அன்று ராத்திரி வலியில் அந்த உவமையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று என் மாத்திரை. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை சில வருஷம் சாப்பிட்டும் போதாமல் டோஃபாசிடினிப் கொடுத்தார்கள். 2012-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. அது அடைக்கிற நொதிக்கு ஜேக் கைனேஸ் என்று பெயர். 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ வில்க்ஸின் குழு இதைக் கண்டபோது, கைனேஸ்கள் வரிசையாக அகப்பட்டுக்கொண்டிருந்த காலம், 'இதோ இன்னொரு கைனேஸ்' என்ற பொருளில் ஒரு கேலிச் சுருக்கம் வழங்கியது. பிறகு அதே எழுத்துகளுக்கு மரியாதையான விளக்கம் கொடுத்தார்கள்: ஜேனஸ். ரோமானியர்களின் வாசல் சாமி, முன்னும் பின்னும் இரண்டு முகம். இந்த நொதிக்கும் அடுத்தடுத்து இரண்டு பகுதிகள். ஒன்று பாஸ்பேட்டை ஒட்டுகிற முகம். மற்றது பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் வேலை ஒட்டுவதல்ல, முதல் முகத்தை அடக்கி வைப்பது. எங்கள் பக்கத்தில் இதற்கு ரோமுக்குப் போக வேண்டாம். முத்தைப் போடுகிறவளும் அவளே, இறக்குகிறவளும் அவளே என்று ஆடிக்கூழ் ஊற்றுகிற எந்தக் கிழவியும் சொல்வாள். நோய்க்கே அம்மை என்று பெயர் வைத்த ஜனம்.

மாத்திரை வேலை செய்தது. விரல் மடங்கியது. எட்டாவது மாதம் முதுகில் அக்கி வந்தது. அந்த மருந்துக்கு அது தெரிந்த பக்க விளைவுதான். காவலுக்கு இருக்கிற நெருப்பையும் சேர்த்துத் தணித்தால், சின்ன வயசில் வந்த அம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்தது எழுந்துவிடும். டாக்டர் தந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே, அம்மாவின் திருப்திக்காகக் குயவர் வீட்டில் போய்க் காவியால் அக்கியும் எழுதிக்கொண்டேன். அக்கி என்ற சொல்லும் அக்கினிதான்.

இப்போது ஒரு பதிகத்துக்கு வருகிறேன்.

திருப்பாலைவனம் கோயிலில் ஒரு வருஷம் பெரியபுராணத் தொடர் சொற்பொழிவு. அன்றைக்குத் திருநாவுக்கரசர் என்கிற அப்பர். கதை எல்லாருக்கும் தெரிந்தது. திருவாமூர் மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பேரெடுத்துப் பாடலிபுத்திரத்தில், நம் கடலூர்ப் பக்கத்தில் இருந்ததாகச் சொல்கிற பாடலிபுத்திரத்தில் இருக்கிறார். அக்கா திலகவதியார் திருவதிகையில் கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டு, தம்பி திரும்ப வர வேண்டும் என்று வேண்டுகிறார். வயிற்றில் சூலை வருகிறது. சமணர்கள் மந்திரித்த நீரும் மயிற்பீலியுமாக என்னென்னவோ செய்தும் தீரவில்லை. (சமணர்களைப் பற்றி இந்தக் கதை சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வென்றவர்கள் வீட்டில் எழுதியது.) ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அக்காவிடம் வருகிறார். அவர் திருநீறு கொடுக்கிறார். வீரட்டானத்தில் நின்று முதல் பதிகத்தைப் பாடச் சூலை தீர்கிறது. இன்றைக்கும் வயிற்றுவலிக்காரர்கள் அந்தப் பதிகத்தைத்தான் பாடுகிறார்கள்.

சொற்பொழிவாளர் அன்று விளக்கிய சொல் மறக்கருணை. அடித்துத் திருத்துவதும் அருள்தான். தாய் கசப்பு மருந்தைப் புகட்டுவது போல. அறக்கருணை இனிக்கும், மறக்கருணை கசக்கும், இரண்டும் கருணையே. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை எங்கள் தெருவுக்கு இறால் கொண்டுவருகிற இருளர் பெண் வந்தாள். ஏரியின் ஆழமில்லாத ஓரங்களில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டே கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். ஓலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, அகப்பட்டதை அதில் போட்டுக்கொண்டே போவார்கள். வலது கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கியிருந்தது. எத்தனை நாளாக என்றேன். வருஷமாச்சு, இரண்டு கையும் மாறி மாறி என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. ரயிலுக்கும் மாத்திரைக்கும் வழியில்லாத என் கைதான் அது. நான் சொல்லியிருக்க வேண்டியது ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை பார்ப்பார்கள் என்பது. நான் சொன்னதோ, முந்தின ராத்திரியின் ஈரம் காயாமல், "சாமி உன்னை இன்னும் பக்கத்துல கூப்புடுதும்மா, அதான் சோதிக்குது."

அவள் இறாலை எண்ணிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அப்போ சாமியே வந்து எறா பொறுக்கட்டும் டீச்சரம்மா."

வெட்கத்தில் ஒரு வாரம் அந்தப் பதிகத்தையும் சேக்கிழார் எழுதினதையும் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கே தப்பு செய்தேன் என்று பார்க்க. பதிகத்தில் அப்பர் தன் நோயை அருள் என்று எங்கேயும் கொண்டாடவில்லை. தான் என்ன கொடுமை செய்தேன் என்று தனக்குத் தெரியவில்லை என்கிறார். குடல் முறுக்குகிறது, தாங்கவில்லை, நீக்கு என்கிறார். பத்துப் பாட்டும் வலிக்கிறவன் பாட்டு, தன்மையில் பாடியது. சூலையைக் கொடுத்துத் தம்பியை ஆட்கொள்வோம் என்று இறைவன் திலகவதியாரின் கனவில் சொன்ன செய்தி பெரியபுராணத்தில் வருவது. அப்பர் ஏழாம் நூற்றாண்டு, சேக்கிழார் பன்னிரண்டு. ஐந்நூறு வருஷம் கழித்துப் படர்க்கையில் சொன்னது. அந்தச் சேக்கிழாரும் அவசரப்படவில்லை. வலி முழுக்க நின்ற பிறகு, அப்பர் வாயிலிருந்துதான், இந்தச் சூலைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று வருகிறது. அக்காவைப் பாருங்கள். நள்ளிரவில் வந்து காலில் விழுந்த தம்பியை முதலில் எழுந்திரு என்கிறார், இது இறைவன் அருள் என்று அவர் சொல்வதும் அதற்குப் பிறகுதான். சொல்லோடு நிறுத்தாமல் திருநீற்றையும் கொடுக்கிறார்.

தமிழ் இலக்கணத்தில் மூன்று இடம். நொதிகளைப் பற்றி நான் பேசுவதெல்லாம் படர்க்கை, அது ஒட்டும், அது வெட்டும். அங்கே பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பதால் அது ஓரளவு பத்திரமான இடம். மறக்கருணை என்கிற சொல் தன்மையில் மட்டும் நிற்கக்கூடியது. என் வலியை அருள் என்று நான் சொன்னால் அது என் வழிபாடு, யாரும் கேள்வி கேட்க முடியாது. உன் வலி அருள் என்று சொன்னால் அதே வாக்கியம் அடியாக மாறிவிடுகிறது. முன்னிலையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அதுவும் எங்கள் ஊரில் முன்னிலை என்பது சும்மா ஒரு இலக்கணம் இல்லை. அந்தப் பெண்ணை நான் 'நீ' என்றேன், அவள் என்னை 'நீங்க' என்றாள். என் வயசுதான் அவளுக்கும்.

இதற்குச் சைவர்களோடு மட்டும் சண்டை இல்லை. பழவேற்காட்டிலிருந்து வந்த பாஸ்டர் ஒருவர் யோபைச் சொன்னார். என்னோடு வேலை பார்த்த ஒரு பகுத்தறிவுக்காரர், மனசை லேசாக வைத்துக்கொண்டால் அழற்சி குறையும், கவலைதான் காரணம் என்றார். அறிவியல் சட்டை போட்ட அதே பாவக் கணக்கு. கவலைப்பட்டது என் குற்றம் என்றாகிவிடுகிறது.

அப்படியானால் சாமி எங்கே என்று அம்மா கேட்டாள். அவளுக்கு எண்பத்திரண்டு. நெருப்பு அணைவது பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் தெரியவந்ததைச் சொன்னேன். எரிந்து தீர்ந்து தானாக அணைவதில்லை அம்மா, அணைப்பதும் ஒரு வேலை. சார்லஸ் செர்ஹான் என்பவர் 1984-ல் சாமுவேல்சனோடு சேர்ந்து லிப்பாக்சின் என்ற பொருளைக் கண்டார். நெருப்பு மூட்டின அதே கொழுப்பிலிருந்து, மூட்டுகிற நொதிகளில் சிலவே, கொஞ்ச நேரம் கழித்துக் கட்சி மாறி, தணிக்கிற பொருளைச் செய்கின்றன. மீன் எண்ணெய்க் கொழுப்பிலிருந்தும் அந்த மாதிரிப் பொருள்கள் உண்டாகின்றன. "அப்போ மீனு தின்னுடி" என்றாள் அம்மா. மீன் தின்று வளர்ந்த கைதான் இது என்று சொல்லவில்லை. சாமி எங்கே என்பதற்கு இது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த இருளர் பெண்ணை அடுத்த மாதம் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் இருவர் சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். மாத்திரை சாப்பிடுகிறாள், சில வாரம் விட்டுவிடுகிறாள். தண்ணீரில் இறங்காமல் இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறாலுக்குக் காசு குறைத்துக் கேட்பதை நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

போன மார்கழியில் தம்பி மகன் கெளுத்தி முள் ஏறிய கையோடு வந்தான். பதினாறு வயசு, அழக்கூடாது என்று பல்லைக் கடித்திருந்தான். தண்ணீர் விளாவி, என் விரல்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால் முழங்கையை விட்டுப் பார்த்து, அவன் கையை வாளிக்குள் விட்டேன். விடிந்து அரை மணிகூட ஆகவில்லை, என் விரல்களும் மடங்காமல்தான் இருந்தன. வெந்நீர் அதற்கும் இதம். என் இரண்டு கையையும் அதே வாளிக்குள் விட்டேன்.

அவன் தண்ணீருக்குள் என் விரல்களைப் பார்த்தான்.

"ஒனக்கு எதுல குத்துச்சு அத்தே?"

"எனக்கு ஒண்ணும் குத்தலடா," என்றேன். "கையை எடுக்காத. இன்னும் கொஞ்ச நேரம் இரு."